டயர் கடை வரை

கண்ணாடிக்காரருக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது நாற்பத்து நாலு வயதில். அதற்கு முன்னால் அவர் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். அதிலும் பாதி நாள் பஸ்தான் ஜெயித்தது. கடையில் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்கிற பிழைப்பு. ஒரு நாள் தொப்பை மேஜை விளிம்பில் முட்டியது. மேஜையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். ஆறு மாதத்தில் மறுபடியும் முட்டியது. இந்தத் தடவை மேஜைக்குப் பின்னால் சுவர் இருந்தது. அன்று சாயங்காலம் ஷூ வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கா வாசலில் இருபது முப்பது பேர் கூடி ஓடுவார்கள். அதை நடத்தியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். விசில் ஊதி ஆரம்பித்து வைப்பதால் அவருக்கு விசில் அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் குழுவில் யாரும் தூரத்தைப் பேசக்கூடாது. நேரம் மட்டும்தான்.

"கிலோமீட்டரை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வாங்க" என்பார் விசில் அண்ணன். "இன்னிக்கு நாப்பது நிமிஷம்னா, நாப்பது நிமிஷம் போங்க, அங்கயே திரும்புங்க, நாப்பது நிமிஷம் வாங்க. வேகமா ஓடுறவன் ரொம்ப தூரம் போவான். மெதுவா ஓடுறவன் கிட்டத்துலயே திரும்புவான். வந்து சேர்றது எல்லாரும் ஒண்ணாத்தான். இங்க முதல் ஆளும் இல்ல, கடைசி ஆளும் இல்ல."

நல்ல ஏற்பாடுதான். அதில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது. யார் எங்கே திரும்பினார்கள் என்று பார்க்க ஆள் கிடையாது. திருட்டுப் புத்தி இல்லாத மனிதர்கள் என்பதால் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. நம் கண்ணாடிக்காரர் கண்ணில் பட்டது.

ஆரம்பத்தில் அவரும் யோக்கியமாகத்தான் ஓடினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் வாரம் பத்து நிமிஷம் போய் வருவதற்குள் நாக்கு தள்ளியது. வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டினார்கள். பதினைந்து, இருபது, முப்பது. உடம்பு ஒவ்வொரு வாரமும் முனகிக்கொண்டே இடம் கொடுத்தது. முப்பத்தைந்து நிமிஷம் ஓடிப்போய் ஓடிவந்த அன்று வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது.

நாற்பத்தைந்துக்குப் போன வாரம்தான் வந்தது வினை. முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் விலாவில் குத்தல் எடுத்தது. சாலை ஓரத்தில் ஒரு டயர் கடை, ஞாயிற்றுக்கிழமை ஆதலால் பூட்டியிருந்தது. அதன் பின்பக்கம் பழைய டயர்களை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் குத்தல் போய்விட்டது. எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்தே திரும்பி ஓடினார். மற்றவர்கள் நுரை தள்ள வந்து சேர்ந்தபோது அவர் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"பாருங்கய்யா இவரை!" என்றார் விசில் அண்ணன். "தொண்ணூறு நிமிஷம் ஓடிட்டு வந்த மூஞ்சியா இது?"

இல்லை, அது எழுபது நிமிஷம் ஓடிய மூஞ்சி. சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் தலையை எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நாற்பத்து நாலு வயதுவரை உடம்பு விஷயத்தில் யாரும் பாராட்டியிராத மனிதர் அவர். பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டியில்கூட அவரைக் கயிற்றைச் சுருட்டி வைக்கத்தான் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்.

அடுத்த வாரமும் டயர் கடை. அதற்கடுத்த வாரமும் டயர் கடை. குழு ஐம்பது, அறுபது, எழுபது என்று ஏற ஏற, அவர் உட்காரும் நேரம்தான் ஏறியது. எழுபது நிமிஷம் போய் வருகிற வாரங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் டயரில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் வேர்வை காய்ந்துவிடும், திரும்பும்போது வருகிற வேர்வை போதாது என்பதால் கிளம்பும் முன் பாட்டில் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொள்வார். முதுகில் கொஞ்சம், அக்குளில் கொஞ்சம். ஒரு தடவை அப்படி ஊற்றிக்கொண்டிருந்தபோது தன்னைத் தானே பார்த்துவிட்டார். பெற்ற பிள்ளைக்கு வயது இருபது, கடை வாசலில் பெயர்ப்பலகை, கையில் பாட்டில். உடம்பெல்லாம் கூசியது. கூசினாலும் ஊற்றிக்கொள்வதை நிறுத்தவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா வந்து சேர்ந்தாள்.

அக்காவுக்கு ஐம்பது வயது. திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிற வேலை. காலை ஒன்பது மணிக்குக் கத்தரிக்கோலைப் பிடித்தால் சாயங்காலம் ஆறு வரை நின்றபடியே அளந்து, நின்றபடியே வெட்டி, ஊரில் பாதி ஜன்னலுக்கு அவள்தான் உடுப்பு போட்டிருக்கிறாள். தம்பி ஓடுவதைப் பார்த்து ஆசை வந்து, ஒரு ஞாயிறு காலை பழைய கான்வாஸ் ஷூவோடு பூங்கா வாசலில் நின்றாள்.

அக்காவின் புருஷன், அதாவது மாமா, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வாயைத் திறந்தால் கேலி. "ஐம்பது வயசுல முதல் கியர் போடுறாய்யா என் பொண்டாட்டி" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நிமிஷம் ஓட்டம், மூன்று நிமிஷம் நடை என்று ஆரம்பித்தாள். அப்புறம் மூன்று ஓட்டம், இரண்டு நடை. விசில் அண்ணன் சொன்னதை எள்ளளவும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. திரும்பச் சொன்ன நிமிஷத்தில் திரும்பினாள். ஒரு மணி நேரம் போனாலும் டயர் கடைக்கு அந்தண்டை அவள் வரமாட்டாள், அவ்வளவு மெது. தம்பியின் நிம்மதியெல்லாம் அந்த மெதுவில்தான் இருந்தது.

ஆனால் தினமும் ஒன்பது மணி நேரம் நிற்கிற கால் அது. ஐந்து மாதத்தில் நடை மொத்தமும் உதிர்ந்து ஓட்டம் மட்டும் நின்றது. ஒரு ஞாயிறு, டயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குச் சாலையில் 'தப் தப்' என்று பழகின சத்தம் கேட்டது. சின்ன வயதிலிருந்து வீட்டுக்குள் கேட்ட காலடி, தப்புமா? சட்டென்று குனிந்து டயரோடு டயராக ஒட்டிக்கொண்டார். சத்தம் கடைக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றது. அவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதிதான். மூச்சுகூட விடவில்லை. பிறகு காலடி மறுபடி கிளம்பி, கடையைத் தாண்டிப் போயே போய்விட்டது.

அன்று பூங்காவில் அக்கா வழக்கம்போல ஆரஞ்சுச் சுளை கொடுத்தாள், வழக்கம்போலப் பேசினாள். பார்க்கவில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டிக்கொண்டார்.

இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வந்தது. மூன்று மணி நேரம் கெடு. அந்த வேகத்துக்கு ஒரு வேன் பின்னாலேயே உருண்டு வரும். வேன் எட்டிப் பிடித்தால் ஏறிக்கொள்ள வேண்டும், அதோடு ஆட்டம் குளோஸ். கெடுவுக்குள் முடிக்க ஆசைப்படுகிற புதியவர்களுக்காக முதுகில் கொடி கட்டிக்கொண்டு ஒருத்தர் சீரான வேகத்தில் ஓட வேண்டும். கொடியைத் தொடர்ந்தால் போதும், முடித்துவிடலாம். அதற்கு ஓர் ஆள் கேட்டார்கள். விசில் அண்ணன் இரண்டாவது யோசனையே செய்யவில்லை.

"நம்ம கண்ணாடிக்காரர்தான். எவ்வளவு ஓடினாலும் களைக்காத உடம்பு."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தார். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்ற அக்கா மட்டும் தட்டவில்லை. அவரையே பார்த்தாள். "உன்னால முடியுமாடா?" என்று அப்புறம் தனியாகக் கேட்டாள். "ஏன்க்கா, சந்தேகமா?" என்று சிரித்தார். "அப்ப நான் உன் கொடிக்குப் பின்னாலேயே வர்றேன்" என்றாள். கெடுவுக்குள் முடித்தால் கொடுக்கிற மெடல் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியும். அக்காவுக்கென்று இதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை. தைத்த திரையையெல்லாம் அடுத்தவர் வீட்டில்தான் மாட்டினார்கள். மாமா வேறு, "போகும்போது ரெண்டு கால்ல போவே, வரும்போது நாலு சக்கரத்துல வருவே" என்று நாள் குறித்துவிட்டார்.

பந்தய நாள் காலையில் கொடிக்குப் பின்னால் பதினாலு பேர் நின்றார்கள். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிஷம் என்று விசில் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் கண்ணாடிக்காரருக்குத் தெரிந்த ஓட்டம் ஒன்றே ஒன்றுதான், டயர் கடை வரை ஓடுகிற ஓட்டம். கால் தானாக அதையே ஓடியது. போதாக்குறைக்குப் பயம். தெம்பு இருக்கும்போதே நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டால் பின்னால் உதவும் என்று ஒரு கணக்கு.

"மெதுவாடா" என்றாள் அக்கா பக்கத்தில். "ரொம்ப வேகமா போறோம்."

"நீ பேசாம வாக்கா."

ஐந்தாவது கிலோமீட்டரில் நாலு பேர் பின்தங்கினார்கள். பத்தில் இன்னும் ஆறு பேர். கொடியை நம்பி வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடப்பதைத் திரும்பிப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். பன்னிரண்டில் தொடை கல்லாகியது. மீதி மூன்று பேர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். பதினைந்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டினதும் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நின்றாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் முடிந்திருந்தது. ஆறே கிலோமீட்டர், கையில் ஒரு முழு மணி நேரம்.

"எழுந்திரிடா, மெதுவா ஓடினாலே போதும்."

"முடியலக்கா."

"சரி, நீ உக்காரு. நான்..." என்று சாலையைப் பார்த்தாள்.

அப்போது அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போகாதக்கா. கொடியோட நான் மட்டும் தனியா உக்காந்திருந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? கொஞ்சம் இருக்கா."

வலிக்காகப் பிடிக்கவில்லை. வலி பொறுக்கக்கூடிய வலிதான். பக்கத்தில் அக்கா நின்றால் வேறு மாதிரி தெரியும் என்று அந்த நிமிஷத்திலும் மனம் கணக்குப் போட்டது. அக்கா கையை உதறவில்லை. சாலையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், மறுபடி சாலையைப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் வேன் வந்துவிட்டது. டிரைவர் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றார்.

முடிவு இடத்தில் குழு மொத்தமும் கூடியிருந்தது. முதலில் அவர் இறங்கினார், பின்னால் அக்கா.

"என்னாச்சு? அக்காவுக்கு முடியலயா? அவங்களுக்காக நின்னுட்டீங்களா?" என்று விசில் அண்ணன் ஓடி வந்தார்.

"அக்கா... பாவம்..." என்றார் கண்ணாடிக்காரர். அதற்கு மேல் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அக்கா அவரை ஒரு தடவை பார்த்தாள். "ஆமா" என்றாள். "என்னாலதான்."

"தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். கொடியை நம்பிக் கெட்டுப்போனவர்களில் ஒருத்தரே அவரைப் பாராட்டினார். விசில் அண்ணன் தன் கழுத்து மெடலைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். காலுக்கடியில் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. தரைக்கு வேறு வேலை இருந்தது போல, பிளக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "அக்கா போன்ல சொல்லிட்டாங்க, தம்பிக்கு இடைஞ்சலா இருக்கேன், இனிமே வரலேன்னு" என்றார் விசில் அண்ணன். "நல்லா முன்னேறி வந்தவங்க. நீங்க சொன்னா கேப்பாங்க, கொஞ்சம் பேசிப் பாருங்க." அன்று கண்ணாடிக்காரருக்கு ஓடப் பிடிக்கவில்லை. சட்டையில் வேர்வையும் இல்லை, தண்ணீரும் இல்லை, அப்படியே அக்கா வீட்டுக்கு நடந்தார்.

மாமா வாசலுக்கே வந்துவிட்டார். "வாய்யா மச்சான்! ஏய், யாரு வந்திருக்கான் பாரு!" கையைப் பிடித்து இழுத்துப் போய், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார். உள் அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடை வேலை போதாதென்று வீட்டிலும் திரை தைப்பாள் அக்கா. ஒரு நீளமான நீலத் துணி மிஷினிலிருந்து வழிந்து தரையில் கிடந்தது.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நாலு சக்கரத்துல வருவான்னு" என்று மாமா தொடை தட்டிச் சிரித்தார். "அவ வந்ததுகூடப் போவட்டும். உன்னையும் இல்ல வேன்ல ஏத்திட்டா! தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், என் மச்சான் மாதிரி ஒருத்தன் உண்டான்னு."

மிஷின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ரெண்டு வாரமாக இந்தக் கேலியைக் கேட்டுக்கேட்டுப் பழகின காது.

"மாமா" என்றார் கண்ணாடிக்காரர். "நின்னது நான்தான் மாமா. அக்கா நல்லாத்தான் ஓடினா."

மாமா ஒரு கணம் பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். "பாத்தியா, பாத்தியா! இப்பவும் அக்காவை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறான் பாரு. இவன்டா தம்பி!"

"நெஜமா மாமா. கால் பிடிச்சுக்கிட்டது எனக்குத்தான்."

"சரிப்பா, உனக்குத்தான், உனக்குத்தான்" என்று கண்ணைச் சிமிட்டினார் மாமா.

பொய் சொன்னபோது அரை வார்த்தை போதுமாக இருந்தது. உண்மைக்கு எத்தனை வார்த்தை கொட்டினாலும் நிறையவில்லை. வேறு வழி இல்லாமல் மொத்தத்தையும் சொன்னார். விலாக் குத்தல், பூட்டின டயர் கடை, ஒரு மணி நேரம் உட்கார்ந்தது, பாட்டில் தண்ணீரை எங்கெங்கே ஊற்றிக்கொண்டார் என்பது வரை. எட்டு மாதமாக ஒரு ஞாயிறுகூட டயர் கடையைத் தாண்டியதில்லை என்றார். கையைப் பிடித்து நிறுத்தியதைக் கடைசியில் சொன்னார். சொல்லும்போது மாமா முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையில் கிடந்த நீலத் துணியையே பார்த்தார்.

மாமாவின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றதென்று தெரியவில்லை. மிஷினும் நின்றிருந்தது.

"கடைசி ஏழு வாரம் எனக்குத் தெரியும்" என்றது அக்காவின் குரல். "டயருக்கு வெளிய உன் ஷூ நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்க்கா என் கொடிக்குப் பின்னால வந்தே?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. சரி, அன்னிக்கு ஒருநாளாவது எப்படியும் ஓடிடுவான், விழுந்தா நாம பக்கத்துல இருக்கணும்னு வந்தேன்." துணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பக்கத்துல இருந்தேன். நீ 'போக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு அந்தப் பத்து நிமிஷமும் நின்னேன்டா."

கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்தது. அழவும் வெட்கமாக இருந்தது.

மாமா எழுந்துபோய் உள் அறை வாசலில் நின்றார். எதற்கும் ஒரு கேலி கைவசம் வைத்திருக்கிற மனிதர், கேட்கத் தெரியாமல் கேட்கிறவர் போல, மெதுவாகக் கேட்டார்.

"நீ... முடிச்சிருப்பியா?"

"முடிச்சிருப்பேன்" என்றாள் அக்கா.

மாமா கதவுச் சட்டத்தில் கை வைத்தபடி அங்கேயே நின்றார். கண்ணாடிக்காரர் மாமாவின் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார் என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.